மொட்டை மாடியில் ‘மேட் இன் ஜப்பான்’: ஊரோடு கேட்பதும் கருத்து வாங்குவதும்

ஒரு ஆல்பத்தைப் பற்றி “சூப்பர்” என்று யாராவது சொன்னால் அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. “குரல் ரெண்டாவது தடவை மேலே ஏறுதே, அந்த இடத்துல மூச்சு முட்டிடுச்சுண்ணே” என்று சொன்னால், வீட்டுக்குப் போய் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்பேன். கருத்து என்றால் இடத்தோடு வர வேண்டும். இங்கிலாந்து ராக் பேண்டான டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ மாதிரி ஒரு நேரலைப் பதிவை நாலு பேரை உட்காரவைத்து எப்படிக் கேட்பது, கேட்டவர்களிடமிருந்து இப்படி இடம் சுட்டும் கருத்தை எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் மைக் செட் தொழில் செய்கிறேன். முளைப்பாரி, மாதா சப்பரம், சந்தனக்கூடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் இறக்கியிருக்கிறேன். மேடையில் பாடுகிறவருக்குத் தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்றால் என்ன ஆகும், கூட்டம் எந்த நேரத்தில் மேடையை விட்டு வளையல் கடைப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் தானாகவே பிடிபட்டுவிடும். அதனால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்த ஆல்பத்தைவிட, மேடையில் அன்றைக்கு என்ன நடந்ததோ அதை அப்படியே பிடித்த ஆல்பத்தின் மேல் எனக்குப் பிரியம் அதிகம். எங்கள் கடற்கரையில் கேட்கிற ஆட்களுக்கும் பஞ்சமில்லை. இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு ஒலித்த ஊர்கள் இவை. நேயர் விருப்பத்தில் தன் ஊர்ப் பெயர் வாசிப்பார்களா என்று காத்திருந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, காது தெரியும்.

முதலில், போடப்போவது என்ன என்று நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவின் ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17ஆம் தேதி டோக்கியோவின் நிப்பான் புடோக்கான் அரங்கிலும் நடந்த மூன்று கச்சேரிகளிலிருந்து பொறுக்கி எடுத்தது இந்த ஆல்பம். ஜப்பானில் விற்பதற்காக அங்கிருந்த இசைத்தட்டு நிறுவனம் கேட்டதால்தான் பதிவே நடந்தது. தங்கள் இன்ஜினியர் மார்ட்டின் பர்ச் வந்து பதிவு செய்ய வேண்டும், வெளியிடலாமா என்பதைத் தாங்கள் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு பேண்டும் சம்மதித்தது. எட்டு டிராக் டேப் மெஷினில் பிடித்தார்கள். அந்த டிசம்பரிலேயே இங்கிலாந்தில் இரட்டை இசைத்தட்டாக வந்தது. பாடியவர் இயன் கில்லன், கிடார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். அட்டையில் இருக்கும் மேடைப் படம் மட்டும் லண்டனில் எடுத்தது.

இந்த ஆல்பத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததற்கு முக்கியமான காரணம், கச்சேரி முடிந்தபின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசித்து ஒட்டுப்போடவில்லை என்பது. நேரலை என்று பெயர் போட்டு வரும் எல்லா ஆல்பமும் அப்படி இல்லை. 1978இல் வந்த, அயர்லாந்து ராக் பேண்டான தின் லிஸ்ஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ ஆல்பத்தில் எவ்வளவு மேடையில் பிடித்தது, எவ்வளவு பிறகு சேர்த்தது என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை. அதுவும் நல்ல ஆல்பம்தான். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸர் வைத்து நின்ற எவருக்கும் அந்த வித்தியாசம் பெரிய விஷயம். மூன்று இரவில் கிடைத்ததை வைத்து இப்படி ஒன்று வந்திருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அப்புறம் சாமான். குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். ஊருக்கு அறிவிப்பு சொல்ல அதைவிட நல்லது இல்லை, ஆனால் கீழ்ச் சுருதி அதில் வராது. ரோஜர் குளோவர் என்று ஒருவர் அந்த மேடையில் நின்றதே தெரியாமல் போய்விடும். இரண்டு பாக்ஸ் போதும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இருந்தால் நல்லது, வீட்டு மியூசிக் சிஸ்டம் இருந்தாலும் சரி.

இரண்டு பாக்ஸையும் ஸ்டீரியோவாக இணைப்பது மிக முக்கியம். திருவிழாவில் நாங்கள் எல்லா பாக்ஸுக்கும் ஒரே சத்தத்தைத்தான் அனுப்புவோம், தெருக்கோடியில் நிற்கிறவருக்கும் முழுப்பாட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக. இந்த ஆல்பத்தில் அந்த வேலை நடக்காது. கிடாரை ஒரு பக்கமும் ஆர்கனை மறுபக்கமும் தள்ளி, பாட்டையும் பேஸையும் டிரம்ஸையும் நடுவில் வைத்துக் கலந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பிளாக்மோரும் லார்டும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பார்கள். ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனைக் கிடார்காரர்கள் வைக்கும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து வாசித்தவர். சத்தம் கிடார் மாதிரியே கரகரவென்று உறுமும். எது கிடார், எது ஆர்கன் என்று புதிதாகக் கேட்கிறவர் பிரித்துச் சொல்ல முடியாமல் தவிப்பார். பக்கம் பிரித்துக் கொடுத்தால் ஒரே பாட்டில் அவருக்குப் பிடிபட்டுவிடும். பேலன்ஸ் குமிழியை ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் திருகிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் எங்கோ ஒயரைச் சேர்த்திருக்கிறீர்கள்.

எக்கோவை அணைத்துவிடுங்கள். ஒசாகா அரங்கத்தின் எக்கோ அதிலேயே இருக்கிறது. பேஸ் கூட்டும் பட்டன் எதையும் தொடாதீர்கள். ஃபோனிலிருந்து கொடுப்பதாக இருந்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது சத்தம் அறுந்து விழாமல் ஓடுகிறதா என்று முன்னாலேயே சோதித்துவிடுங்கள். கைதட்டல் பாதியில் வெட்டுப்பட்டால் கச்சேரி என்ற நினைப்பே போய்விடும்.

நம் பக்கத்துக்கென்று சில வேலைகள் உண்டு. உப்புக்காற்றில் ஜாக் முனையில் பச்சை பூத்திருக்கும், ஒரு பக்கம் கரகரக்கும், சில நேரம் செத்தே போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரை வாங்கி முனையைத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். காற்று அடுத்த விஷயம். கச்சான் அடிக்கும் மாதங்களில் பாக்ஸின் முதுகு தென்மேற்கே இருக்கட்டும், வாடை மாதங்களில் வடகிழக்கே. காற்றோடு போகும் சத்தம் தாழ்ந்து காதுக்கு வரும், காற்றுக்கு எதிரே விட்டால் தலைக்கு மேலே எழும்பிப் போய்விடும். மாடியில் கைப்பிடிச் சுவர் இருந்தால் பாக்ஸை அதற்கு ஒட்டிவைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பேஸ் குழம்பும்.

நாள் பார்ப்பதில் எனக்கு ஒரே யோசனைதான்: மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கையில் காசு குறைந்த காலம் அது. ஆகவே யாரிடமும் பத்து ரூபாய்கூட வாங்காதீர்கள், கருப்பட்டிக் காப்பி உங்கள் செலவு. நேரம் கணக்குப் பண்ணித்தான் வைக்க வேண்டும். முழு ஆல்பமும் ஏறக்குறைய 76 நிமிடம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பள்ளிவாசல் பக்கத்தில் இருந்தால் மஃரிப் பாங்குக்கும் இஷா பாங்குக்கும் நடுவில் இதை அடைக்க முடியாது, பாதியில் நிறுத்த வேண்டிவரும். இஷா தொழுகை முடித்து ஆட்கள் வந்ததும் எட்டேகால், எட்டரைக்குத் தொடங்கினால் சிறு இடைவெளிகளோடு பத்துக்குள் முடித்துவிடலாம். ஏழு மணிக்கே ஜெபமாலை முடிகிற வீடுகளுக்கும் அது தோதான நேரம்.

உட்காரவைப்பதில் ஒரு விஷயம். இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. கிடார் பக்கம் ஒரு கூட்டம், ஆர்கன் பக்கம் ஒரு கூட்டம் என்று ஆகிவிடும். அப்படியே விட்டுவிட்டு, பாதி ஆல்பம் முடிந்ததும் இரு பக்கத்தாரையும் இடம் மாறச் சொல்லுங்கள். முதல் பாதியில் “இந்த ஆளு ஒருத்தரே போதும்” என்று பிளாக்மோரைக் கொண்டாடியவர், ஆர்கன் பக்கம் வந்து உட்கார்ந்ததும் “இவர் யாரு, இவ்வளவு நேரம் எங்கே இருந்தார்?” என்று கேட்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒருவர் சொல்லும் கருத்தில் பாதி அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்தது. அதையும் குறித்துவைக்க வேண்டும்.

போடுவதற்கு முன்னால் அதிகம் பேசாதீர்கள். ஊர் பெயர், வருடம், ஐந்து பேரின் பெயர், ஒட்டுப்போடவில்லை என்ற தகவல், அவ்வளவு போதும். “உலகத்திலேயே சிறந்த நேரலை ஆல்பங்களில் ஒண்ணு” என்று நீங்கள் சொல்லிவிட்டால், அதற்கு அப்புறம் உங்கள் முகத்துக்காகத் தலையாட்டுவார்கள்.

இரட்டை இசைத்தட்டுக்கு நாலு பக்கம். அந்தக் கணக்கிலேயே நிறுத்தி நிறுத்திப் போடுங்கள்.

முதல் பக்கத்தில் ‘ஹைவே ஸ்டார்’, ‘சைல்ட் இன் டைம்’. ‘ஹைவே ஸ்டார்’ உடனே தொடங்காது. டிரம்ஸ் உருட்டும், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சூடு ஏறுவார்கள், அதற்கப்புறம்தான் பாட்டுக்குள் பாய்வார்கள். வால்யூமைச் சரிசெய்ய உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். அதற்குப் பிறகு கை வைக்காதீர்கள், ஏனென்றால் அடுத்து வரும் ‘சைல்ட் இன் டைம்’ மெல்லத் தொடங்கி மேலே போகும் பாட்டு. மெல்லிய இடத்தில் கேட்கவில்லையே என்று கூட்டினீர்கள் என்றால் உச்சத்தில் ஸ்பீக்கர் கிழியும். இதில் கில்லன் சொல்லே இல்லாமல் வெறும் குரலால் படிப்படியாக ஏறுவார். எங்கள் தெருவில் கோயில் பாடற்குழுவில் வெகுகாலம் பாடிய ஒரு அக்கா இருக்கிறார்கள். அவர்கள் கருத்து இது: “முதல் படியிலயே குரலைக் கொட்டிடலை தம்பி. அடுத்ததுக்கு வச்சிருக்காரு. அடுத்ததுலயும் முழுசா குடுக்கலை. கடைசியில குடுத்தாரு பாரு, அப்பத்தான் இவ்வளவு நேரம் சேர்த்து வச்சது தெரியுது.” ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. இந்தப் பாட்டு 1970இல் வந்த ஸ்டுடியோ ஆல்பத்தில் முதலில் இருந்தது என்றோ, பனிப்போரை நினைத்து எழுதியது என்றோ அவர்களுக்குத் தெரியாது. இந்தப் பாட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த கருத்துகளிலேயே இதைத்தான் மேலே வைப்பேன். இப்போது நான் அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கடைசிப் படிக்காகக் காத்திருக்கிறேன்.

இரண்டாவது பக்கம் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. கிடார் கையில் எடுத்த எவரும் முதலில் தடவிப் பார்க்கும் மெட்டு இது. எங்காவது கேட்டிருப்பார்கள், உடனே தலை ஆடும். ஆல்பத்திலேயே முதல் இரவான 15ஆம் தேதியிலிருந்து எடுத்த ஒரே பாட்டு இதுதான். இதன் கதையைப் பாட்டு முடிந்தபிறகு சொல்லுங்கள்: 1971 டிசம்பரில் ஆல்பம் பதிவு செய்யச் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஊருக்குப் போன இடத்தில், அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் யாரோ தீக்குண்டுத் துப்பாக்கியால் சுட, சூதாட்ட மாளிகை எரிந்துபோனது. ஜெனீவா ஏரியின் மேல் புகை படர்ந்ததைப் பார்த்து எழுதிய பாட்டு. விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்காக இருக்கும் ஒரு தம்பி கதையைக் கேட்டுக்கொண்டே, அதை விட்டுவிட்டு, “அண்ணே, பேஸ் உள்ள வர்ற இடத்தை மட்டும் திரும்பப் போடுங்க. அதுவரைக்கும் ஏதோ குறையுதுன்னே தெரியல, வந்தப்புறம்தான் தெரிஞ்சுது” என்றான். குளோவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறவர்கள் குறைவு. அந்தத் தம்பி அன்றைக்கே அவரைக் கண்டுபிடித்துவிட்டான்.

இதே பக்கத்தில் ஒரு பேச்சு வரும், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கில்லன் மேடையிலிருந்து மானிட்டரை, அதாவது மேடையில் இருப்பவர்களுக்கே கேட்பதற்காக வைக்கும் பாக்ஸை, கூட்டச் சொல்லிக் கேட்கிறார். தொடர்ந்து, எல்லாவற்றையும்விட எல்லாமே சத்தமாக வேண்டும் என்று ஒரு கோரிக்கை போகிறது. ராக் ரசிகர்களிடையே அது பெரிய பெயர் பெற்ற வரி. எனக்கு அது வேறு வகையில் பிடிக்கும். பாடுகிறவர் தன் குரல் தனக்குக் கேட்காமல்தான் இவ்வளவு நேரம் பாடியிருக்கிறாரோ என்ற நினைப்பு வரும். அப்படிப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது மிக்ஸர் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியும். உங்கள் ஊரில் மேடை ஏறிப் பாடுகிறவர் யாராவது வந்திருந்தால் இந்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள்.

அடுத்து ‘தி ம்யூல்’. ஒன்பதரை நிமிடப் பாட்டில் பெரும்பகுதி பெய்ஸின் டிரம் தனிதான். இந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் இரண்டாகப் பிரியும் முதல் இடம் இது. ராக் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் பலர் தனியை ஒதுக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். நம் ஊரில் அந்தக் கஷ்டமே இல்லை, தனி ஆவர்த்தனம் நமக்குப் பழகிய சங்கதி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தவில்காரர் இந்தப் பாட்டு முழுக்கத் தொடையில் கணக்குப் போட்டபடியே இருந்தார். முடிந்ததும், “கணக்குல நம்மாளுங்க பல படி மேல. ஆனா உருட்டுல சத்தத்தைக் குறைச்சு ஏத்துறாரு பாருங்க, ஒரு அடிகூட மங்கலை. தணிச்சு அடிக்கறப்ப ஒவ்வொரு அடியும் சுத்தமா விழணும்னா கையில அவ்வளவு பலம் இருக்கணும்” என்றார். பாராட்டும் குறையும் ஒரே மூச்சில், இரண்டும் இடத்தோடு. இப்படி ஒரு கருத்துக்காக எத்தனை கூட்டம் வேண்டுமானாலும் நடத்தலாம்.

இங்கே காப்பி கொடுங்கள். இடம் மாற்றி உட்காரவையுங்கள்.

மூன்றாவது பக்கம் ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’, ‘லேசி’. முதல் பாட்டின் நடுவில் கில்லனும் பிளாக்மோரும் எதிரெதிரே நிற்பது போலக் கிடார் ஒன்று சொல்ல, குரல் அதைத் திருப்பிச் சொல்லும். வேகம் கூடும், சுருதி ஏறும், கிடார் எங்கே போனாலும் குரல் பின்னாலேயே போகும். பிள்ளைகளுக்கு ஆல்பத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், அவர்களைக் கேட்காமல் விடாதீர்கள். ‘லேசி’ ஆர்கனில் தொடங்கும் பாட்டு. இடம் மாறி ஆர்கன் பக்கம் வந்தவர்களுக்கு இது விருந்து. இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, யாருக்கும் பிடிக்காமல் போனதை நான் பார்த்ததில்லை.

நாலாவது பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, ‘ஸ்பேஸ் டிரக்கின்’. ஸ்டுடியோவில் நாலரை நிமிடம், இங்கே ஏறக்குறைய இருபது. பாட்டாகத் தொடங்கி, பாட்டு கரைந்து, ஆர்கன் தனியாக அலைந்து, கிடார் சத்தக் குமிழியைத் திருகித் திருகி வில்வாத்தியம் போல முனகி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து இடித்து நொறுக்கி முடியும். இந்த ஆல்பத்தின் பெரிய சண்டை இதில்தான். நீளம் அதிகம் என்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், தங்கச்சிமடத்திலும் இருக்கிறார்கள். கீழக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பாதியில் எழுந்து மாடிப்படி இறங்கிவிட்டார். மறுநாள் ஃபோனில் கேட்டபோது, “ஆர்கன் தனியா சுத்த ஆரம்பிச்சுதே, அந்த இடத்துல எனக்கு அறுந்துபோச்சுப்பா. அதுக்கு மேல யாருக்காக வாசிக்கிறாங்கன்னு தெரியல” என்றார். இதுவும் நல்ல கருத்து. எந்த இடம் என்று சொல்லிவிட்டார், காரணமும் சொல்லிவிட்டார். நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. நடுவில் இருக்கும் அந்த அலைச்சல் இல்லாமல் கடைசி இடிக்கு அவ்வளவு கனம் வராது என்பது என் கட்சி. முதல் தடவை கேட்கிறவர்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வெட்டிப் போடாதீர்கள். போகிறவர் போகட்டும், எந்த இடத்தில் போனார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்துக் கேட்பதுதான் இதில் நுட்பமான வேலை. “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். விருந்து சாப்பிட்டு எழுந்தவரிடம் கேட்ட மாதிரி, மரியாதைக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், சூடு ஆறுவதற்குள், வேறு மாதிரி கேளுங்கள். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்? எந்த இடத்தில் கவனம் வீட்டுக்குப் போய்விட்டது? ஐந்து பேரில் யாரைப் பின்தொடர்ந்து கேட்டீர்கள்? ஒரே ஒரு நிமிடத்தை மறுபடி போடலாம் என்றால் எதைப் போடச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விதான் தங்கம். சொன்னவுடனே அந்த நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் “அது இல்லடா, அதுக்கு முன்னாடி” என்று தொடங்குவார். அதற்கப்புறம் நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

யாரிடம் முதலில் கேட்பது என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வாய் திறந்துவிட்டால் சின்னப் பிள்ளைகள் அதற்கு மாறாகப் பேச மாட்டார்கள். மாமா நல்லாயில்லை என்றால் மருமகனுக்கும் நல்லாயில்லை. ஆகவே இளையவர்களிலிருந்து மேலே போங்கள். பெரியவர்கள் கடைசியில் பேசும்போது பிள்ளைகள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள், அது இன்னும் சுவையாக இருக்கும். பெண்கள் பெரும்பாலும் பக்கத்து மாடியிலோ கீழே முற்றத்திலோ இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ‘இவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது’ என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். காலையில் போய்க் கேளுங்கள். தூரத்திலிருந்து கேட்டவர்கள் சொல்வதில் தனிப் பயன் உண்டு. எங்கள் பின்வீட்டு மதினி, “அந்த ஊரு சனங்க பாட்டு ஓடுறப்ப சத்தமே போடலையே, முடிஞ்சப்புறம்தானே தட்டுறாக” என்றார்கள். கூட்டத்தைக் கேட்ட ஒரே ஆள் அன்றைக்கு அவர்கள்தான். நேரலை ஆல்பத்தில் கூட்டமும் ஒரு வாத்தியம் என்பதை அவர்கள் சொல்லாமலே சொல்லிவிட்டார்கள்.

குறிப்பெடுக்கக் கோடு போட்ட நோட்டு போதும். பாட்டின் பெயர், எத்தனையாவது நிமிடம், சொன்னவர் என்ன தொழில் செய்கிறவர், எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், அவர் சொன்ன வார்த்தை. வார்த்தையை மாற்றாதீர்கள். “அறுந்துபோச்சு” என்றால் அறுந்துபோச்சு என்றே எழுதுங்கள், ‘சலிப்பூட்டியது’ என்று திருத்தி எழுதினால் ஆளே காணாமல் போய்விடுவார். பேசும்போது ஃபோனை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள், பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஸ்டுடியோப் பதிவு மேலா, மேடைப் பதிவு மேலா என்ற பேச்சு எப்படியும் வரும். இந்த ஆல்பத்தில் இருக்கும் ஏழு பாட்டில் நாலு, அதே 1972 மார்ச்சில் வந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் இருப்பவை. அதே இரவில் இரண்டையும் போட்டு ஒப்பிடாதீர்கள். காது களைத்திருக்கும், மேடைச் சத்தத்துக்குப் பிறகு ஸ்டுடியோச் சத்தம் ஒடுங்கித் தெரியும், அது நியாயமில்லை. வேறொரு நாளில் ‘ஹைவே ஸ்டார்’ ஒன்றை மட்டும் எடுத்து, முதலில் ஸ்டுடியோ, பிறகு மேடை என்று போடுங்கள். இரண்டின் வால்யூமும் காதுக்குச் சமமாக இருக்கட்டும், ஏனென்றால் சத்தமாக ஓடுவதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். என்னைக் கேட்டால், ‘லேசி’க்கு மட்டும் ஸ்டுடியோவின் சுத்தம் ஒரு அழகு. மற்ற மூன்றுக்கும் ஒசாகா மேடைதான்.

ஆர்வம் பிடித்துக்கொண்டவர்களுக்கு அடுத்த வேலையும் இருக்கிறது. 1993இல் ‘லைவ் இன் ஜப்பான்’ என்ற பெயரில் இரவுக்கு ஒன்றாக மூன்று சிடியில் அந்தக் கச்சேரிகளைப் பெருமளவு வெளியிட்டார்கள். முதலில் வந்த ஆல்பத்தில் ‘ஹைவே ஸ்டார்’, ‘சைல்ட் இன் டைம்’, ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’, ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நாலும் 16ஆம் தேதி எடுத்தவை, ‘தி ம்யூல்’, ‘லேசி’ இரண்டும் 17ஆம் தேதி எடுத்தவை. ஒரே பாட்டை மூன்று இரவிலும் போட்டு, அவர்கள் பொறுக்கியது சரியா என்று கூட்டத்திடம் ஓட்டுக் கேட்கலாம். இதற்கு மாடியும் பெரிய பாக்ஸும் வேண்டாம், நாலைந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்தால் போதும். ‘சைல்ட் இன் டைம்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாடற்குழு அக்கா மாதிரி ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார், அவரை முன்னால் உட்காரவைத்து, மூன்று இரவிலும் கடைசிப் படி எப்படி விழுகிறது என்று கேளுங்கள்.